ரகசியம் குத்திய முத்திரை

ஓர் ஆஸ்பத்திரியில் 'ரகசியம்' என்று குத்தும் ரப்பர் முத்திரை ஒன்று இருந்தது. தான் குத்திய தாளை எவரும் வெளியே விடமாட்டார்கள் என்று அதற்கு ஏகப்பட்ட கர்வம். ஒருநாள் அந்தத் தாள்களையெல்லாம் அள்ளி, வாசலில் வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் புது இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே சிகிச்சை பெற்றுவந்த பூங்கோதையைப் பெண் கேட்டவர்கள் வந்து அதனிடம் விசாரித்தார்கள். இயந்திரம் அவளுடைய வலிப்பு நோயை ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. கல்யாணம் நின்றுபோனது.

"அடப்பாவி! நான் குத்தியிருந்ததை நீ பார்க்கலையா?" என்று முத்திரை அலறியது.

"பார்த்தேனே அக்கா. அதனாலதான் 'ரகசியம்'னு சொல்லிட்டே ஆரம்பிச்சேன்."

அதற்குள் குமாஸ்தா முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து, இயந்திரத்துக்குப் போகவிருந்த அடுத்த தாள்கட்டின்மேல் ஓங்கிக் குத்தினார்.