மெதுவா அடிடா

டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்குப் பங்க் ராக் இசையின் வேகம். கிட்டார் வாசிக்கும் அக்காவுக்கு ஹெவி மெட்டலின் கனம். இரண்டையும் கலந்து அவர்கள் போட்ட ஒரே ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அவள் கத்தியதும் பதிவாகிவிட்டது: “மெதுவா அடிடா, ரயிலையா பிடிக்கப்போற?” அதை அழிக்கவே கூடாது என்று தம்பி அடம்பிடித்தான். ஆல்பம் வெளிவரும்போது அவன் உயிரோடு இல்லை.

பல வருடம் கழித்து, மறுவெளியீட்டுக்காக, அக்கா பக்கத்தில் இருக்க, ஒலிப்பதிவாளர் பழைய ஒலிநாடாவை ஓட்டினார். கடைசிப் பாட்டு முன்பைவிட நீண்டிருந்தது.

“மெஷின்ல கோளாறு இல்லக்கா. உங்க குரல் அப்படியேதான் இருக்கு. டிரம்ஸ்தான் மெதுவாயிருக்கு.”

மறுபடி ஓட்டினார். இன்னும் மெதுவானது. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே அவளால் பெருமூச்சு விட முடிந்தது.

அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். “போதும்டா. உன் இஷ்டத்துக்கே அடி.”

அடுத்த அடிக்காக அவளும் ஒலிப்பதிவாளரும் காத்திருந்தார்கள். நாடா சுழன்றுகொண்டே இருந்தது.