ஐந்து நாள் வீக்கம்

என் மனைவியின் முழங்காலுக்குள் ஊசி இறங்கியபோது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு வருடமாகக் குடல் அழற்சியோடு மல்லுக்கட்டுகிறவள். குடலுக்குக் கோபம் வந்தால் முழங்காலும் சேர்ந்து வீங்கும். ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் இரண்டும் அடங்கும். எங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. நாங்களே அரை டாக்டர்கள் ஆகியிருந்தோம்.

இந்த முறையும் அதே வீக்கம்தான் என்று நினைத்தோம்.

சிரிஞ்சில் ஏறியது தெளிந்த நீர் இல்லை. கெட்டியான சீழ்.



மூட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்றார் டாக்டர். காய்ச்சலே வரவில்லையா என்று கேட்டார்.

வரவில்லை. வேளை தவறாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவன் நான்.

அந்த ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடுமாம். உடம்பின் எதிர்ப்பைக் கட்டிப்போட்டு, கிருமிக்கு வழியும் விட்டுவிடுமாம். உடனே மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் கால் மடங்குமா என்பது பிறகுதான் தெரியும்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கும் கால் இதுதான்.

கடவுளே, என் காலை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று உள்ளுக்குள் கதறினேன்.

யாரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டிப் போட்டீர்கள் என்று டாக்டர் அதட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நானாத்தான் டாக்டர். பழைய மாத்திரை மிச்சம் இருந்துச்சு."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மருந்துக்கடை வச்சிருக்கேன்னு உங்க வீட்டுக்காரர் வந்ததும் வராததுமா பெருமையா சொன்னாரே! அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

தள்ளுகட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. நான் வெளியே நின்றேன்.

அவள் கேட்டாள். ஐந்து நாளும், ஒவ்வொரு வேளையும், டாக்டரிடம் போய்விடலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான், நான் நீட்டிய மாத்திரையை விழுங்கினாள்.