அக்கரைக்கு ஒரு ஓட்டு

"ராத்திரின்னா அது அக்கரைதான் சார்! நம்ம ஊர்ல என்ன இருக்கு? ரெண்டு பாட்டு, நாலு விளக்கு. பன்னெண்டு மணிக்கு மேல நாய்கூடக் குரைக்காது."

சலூன்காரர் சோப்பு நுரையைக் குழைத்துக்கொண்டே சொந்த ஊரின் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஒரு பயணப் பத்திரிகைக்காரர். விரிகுடாவின் இந்தக் கரையில் ஒரு நகரம், எதிர்க்கரையில் ஒரு நகரம். இரண்டுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். வெளியூர்க்காரர்கள் ராத்திரியில் ஆடிப் பாடிக் கூத்தடிக்க எது உசத்தி என்று எழுதத்தான் அவர் நேற்று வந்து இறங்கியிருந்தார். அவர் கைகாட்டும் ஊருக்குத்தான் அடுத்த சீசன் கூட்டம் மொத்தமும் போகும்.

சலூன்காரர் பிறந்ததிலிருந்து அக்கரைப் பக்கம் போனதே இல்லை. படகைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இவரோ பச்சை, சிவப்பு, ஊதா என்று எல்லா விளக்கையும் அங்கே எரியவிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கே விடிய விடிய ஆட்டமாம் சார். தெருவே அதிருமாம்!"

"அதிரும்," என்றார் பத்திரிகைக்காரர், கண்ணைத் திறக்காமல்.

கிருதாவைச் சரிசெய்ய அவர் தலையைத் திருப்பிய சலூன்காரர், காதுக்குள் பஞ்சு இருப்பதைப் பார்த்தார்.

"காது வலியா சார்?"

"இல்லண்ணே. ராத்திரி வச்சது. எடுக்க மறந்துட்டேன்."

இரண்டு காதிலிருந்தும் எடுத்தார். பழுப்பேறி, காதின் அளவுக்கே உருண்டு போயிருந்த பஞ்சு. குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தும், அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். சலூன்காரருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது; ஒரே ராத்திரியில் மனுஷனுக்கு இந்தத் தெரு கசந்துவிட்டதே!

இது ஊருக்குச் செய்யும் துரோகம்தான். ஆனால் அவர் நிலைமை அப்படி. சலூனுக்கு இடப்பக்கம் ஒரு பார், வலப்பக்கம் ஒரு பார், எதிரே நடன அரங்கம். சலூனுக்கு மேல் மாடியில் அவர் குடியிருக்கிறார். அரங்கத்தில் ஆட்டம் தொடங்கினால் இவர் வீட்டுக் கட்டிலும் கூடவே ஆடும்.

அவர் மகன் காலையில் முதல் பஸ் ஓட்டுகிறவன். போன வாரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, பஸ்ஸை நடைபாதையில் ஏற்றிவிட்டான். யார் செய்த புண்ணியமோ, அந்நேரம் அங்கே ஆள் இல்லை. இன்னொரு தடவை நடந்தால் அவன் வேலை போகும், இல்லை யாராவது ஒருத்தர் உயிர் போகும்.

போலீசில் சொன்னார், நகராட்சியில் சொன்னார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்றால், தூங்க முடியாத வீட்டை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?

அந்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்து மகன் உள்ளே வந்தான். காக்கிச் சட்டை, ரத்தச் சிவப்பாய்க் கண்கள். "அப்பா, மேல சாவி..." என்று ஆரம்பித்தவன், பெஞ்சில் உட்கார்ந்ததும் வாக்கியத்தை முடிக்காமலேயே தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டான்.

"யாருண்ணே?" என்றார் பத்திரிகைக்காரர், கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி.

"என் பையன் சார். பஸ் டிரைவர்."

சலூன்காரரின் கத்தி நின்றது. 

"நான் அக்கரைக்குப் போனதே இல்ல சார். சொன்னதெல்லாம் கப்சா. இவன் தூங்கணும் சார், அவ்வளவுதான். கூட்டம் அங்கே திரும்பிட்டா இந்தத் தெரு தானா அடங்கிடும். அக்கரைதான் உசத்தின்னு ஒரு வரி எழுதிடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

பத்திரிகைக்காரர் அந்தத் தொங்கிய தலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சலூன்காரரின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்க ஊருக்குத்தான் முதலிடம் கொடுக்கப்போறேன்."

சலூன்காரர் துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"பார்க்காரன் நல்லாக் கவனிச்சுட்டானோ?"

"அவன் கொடுத்த தண்ணியைக்கூட நான் தொடலை."

"அப்ப அக்கரையில கூத்து பத்தலையாக்கும்?"

"நல்லாக் கேட்டீங்க! நீங்க கப்சான்னு சொன்னீங்களே, அதெல்லாம் அங்கே நிஜமாவே நடக்குது. உங்க தெருவுல அதுல பாதிகூட இல்ல."

"தெரிஞ்சேதான் எங்க தலையில கட்டுறீங்களா? நீங்க நல்லா இருப்பீங்களா சார்?"

எதிர் அரங்கத்தில் சாயங்கால ஆட்டத்துக்கு ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கண்ணாடி அலமாரியில் பவுடர் டப்பாக்கள் கிடுகிடுத்தன. பெஞ்சில் இருந்தவன் திடுக்கிட்டு விழித்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தான்.

பத்திரிகைக்காரர் சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, பழகிய கையால் ஒரு காதை அடைத்தார். மற்றதை அடைப்பதற்கு முன் சொன்னார்:

"அந்த அக்கரைக் கூத்து என் வீட்டுக்குக் கீழேதாண்ணே நடக்குது."