நாற்பத்தைந்தாயிரம் அடியில் ஒரு கேள்வி

“மேடம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

ஒலிபெருக்கியில் இது கேட்டதும் தரைக் கட்டுப்பாட்டு அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். மைக்கின் முன்னால் உட்கார்ந்து அந்த விமானத்தை வழிநடத்திக்கொண்டிருந்தவள். கேள்வியும் அவளுக்குத்தான்.

கேட்டவர் சோதனை விமானி. அறையில் அவருக்குப் பெயர் ஊமைக்கோட்டான். மூன்று வருடத்தில் உயரம், வேகம் தவிர அவளிடம் வேறெதற்கும் வாயைத் திறந்ததில்லை. அந்த மனிதர் நாற்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறார்.

அவள் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள். பிராணவாயு குறைந்தால் விமானிக்கு முதலில் வருவது மூச்சுத்திணறல் இல்லை, உளறல்.

“நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.”

“நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்று முனகினாலும் சொன்னார். இரண்டு வரை வந்து முடித்தார்.

அவள் விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எண்பத்தாறு. எண்பத்... குரல் குழறியது.

அறையில் சிரிப்பு நின்றது.

“அவசர ஆக்சிஜனைத் திறங்க! பச்சைக் கைப்பிடி! திறந்துட்டுக் கீழ இறங்குங்க!”

திரையில் உயரம் மட்டும் மளமளவென்று குறைந்தது. முப்பதாயிரம். இருபதாயிரம். அவர் இறங்குகிறாரா, விழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தாயிரம் அடியில் விமானம் நிமிர்ந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

“எழுபத்தொன்பது.”

அறை ஆர்ப்பரித்தது. யாரோ நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். அவள் வெட்கமில்லாமல் அழுதாள்.

தரையிறங்கியதும் மருத்துவ அறையிலிருந்து அவர் போன் செய்தார். மேலே ஏதாவது உளறியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பரவாயில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஏனோ முகம் விழுந்துவிட்டது. தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

பிற்பகலில் பொறியாளர் விமானத்தின் பதிவுத்தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். பிராணவாயுக் குழாய் கழன்ற நேரத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பதினொன்று பதின்மூன்று.

விமானி அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது பதினொன்று பத்துக்கு.

அவள் அந்த வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பதினொன்று பத்தில் பிராணவாயு முழு அளவு. மூச்சு சீராக இருந்திருக்கிறது. நாடித்துடிப்பு மட்டும் நூற்று நாற்பது.