பேனரில் ஐந்து பேர்

“மச்சான், வேன் தெற்கு வீதி முனையில நிக்குது. நீ இன்னும் மவுஸப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க!”

முதுகுக்குப் பின்னால் கொளஞ்சியின் குரல் கேட்டதும் செம்பியன் அவசரமாக மவுஸைத் தட்டினான். அதே நொடியில் திரை உறைந்து நின்றது. மறுபடியும் ஹேங்.

சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துத் தரும் அந்தச் சின்னக் கடையில் அவன்தான் டிசைனர். மாலை வகுப்பில் நண்பர்களோடு கற்றுக்கொண்ட தொழில். எதையும் ஒரு முறை சேவ் செய்வான்; செய்தோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறையும் செய்வான்.

அப்படிப்பட்டவனையே இந்த பேனர் மதியத்திலிருந்து படுத்தி எடுத்தது. ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் தலைப்பிலிருந்த தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக மாறிப்போயின.

“இதோ முடிஞ்சிடுச்சுடா. தலைப்பு மட்டுந்தான் பாக்கி” என்று முணுமுணுத்தான்.

“போன வருஷமும் இதையேதான சொன்ன?” கொளஞ்சியின் பக்கத்தில் நின்ற ராஜவேல் சிரித்தான். “சிஸ்டம் மக்கர் பண்ணுது, ஒரு மணி நேரம் கழிச்சுக் கெளம்புங்கன்னு போன் போட்டு, எங்கள கடலூர்லயே உக்கார வச்சியே!”

அந்தக் குற்றாலப் பயணம் கெட்டது தன்னால்தான் என்ற எண்ணம் ஒரு வருஷமாகச் செம்பியனைத் தூங்கவிடவில்லை.

“இந்தத் தடவ நீ ஏறாம வண்டி நகராது” என்றான் அறிவழகன். சபாபதி, தோளில் துண்டும் கையில் நல்லெண்ணெய் பாட்டிலுமாக, அருவியே எதிரில் கொட்டுவதுபோல் நின்றான்.

கடைக்காரர் தேவசகாயம் இரண்டு கிளாஸ் டீயுடன் உள்ளே வந்தார். ஒன்றைச் செம்பியனிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தான் உறிஞ்சினார்.

“எங்களுக்கெல்லாம் டீ கெடையாதாண்ணே?” என்றான் கொளஞ்சி. அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் செம்பியனிடம் கேட்டார்.

“பேனர் வாங்கக் கடலூர்லேருந்து கெளம்பிட்டாங்களாம்டா. அவுங்க வர்றதுக்குள்ள முடியுமா, முடியாதா?”

“முடிச்சிடறேண்ணே.”

சிஸ்டத்தை அணைத்துப் போட்டான். தலைப்பை வேறு ஃபான்ட்டில் புதிதாக அடித்து, எழுத்தையே படமாக்கிப் பதித்தான். மூடித் திறந்து பார்த்தான். கட்டங்கள் வரவில்லை.

அடுத்து போட்டோக்கள். மாலை வகுப்பு முடிந்த அன்று ஸ்டுடியோவில் எல்லோரும் எடுத்துக்கொண்டவை. கொளஞ்சி, ராஜவேல், அறிவழகன், சபாபதி என்று வரிசையாக வைத்து, ஒவ்வொரு முகத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினான்.

“கடைசில எடம் காலியா இருக்கு பாரு மச்சான்” என்று காதருகே சொன்னான் கொளஞ்சி. “சேந்து போறோம்னா எல்லாரும் இருக்க வேணாமா?”

சரிதான் என்று பட்டது. செம்பியன் தன் போட்டோவைத் தேடி எடுத்து அங்கே வைத்தான். நன்றாகத்தான் பொருந்தியது. ஒரு முறை சேவ் செய்தான். இன்னொரு முறையும் செய்தான். இப்போது ஹேங் ஆகவில்லை.

பிரின்ட் கொடுத்ததும், ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மேசைக்கடியில் வைத்திருந்த பையை இழுத்தான். மாற்றுத்துணி, சோப்பு, துண்டு எல்லாம் இருந்தன. போன வருஷம் கட்டி வைத்த பை, பிரிக்கவே இல்லை.

“கெளம்பலாமாடா?” என்று பின்பக்கம் திரும்பிக் கேட்டான்.

“யாருகிட்டடா பேசற?” என்றபடியே தேவசகாயம், மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பேனரை ஒரு கையில் ஏந்தினார். தலைப்பைப் படித்தார். வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசி முகத்தில் அப்படியே நின்றுவிட்டார். மறுகையிலிருந்த காலி டீ கிளாஸ் நழுவித் தரையில் விழுந்தது.

“போன வருஷம் வேன்ல செத்தது நாலு பேருதானடா செம்பியா, நினைவஞ்சலி பேனர்ல உன் போட்டோவ எதுக்குடா வச்ச?”