ஆசிரியர் குழு

கண்டிப் பயிற்சி மண்டபத்தில் திரைச்சீலை இடுக்கால் வெயில் ஒழுகுகிறது. புதிய கல்விச் சீர்திருத்தம் பற்றி பள்ளி அதிபர்களுக்கு வகுப்பு. "உங்க ஆசிரியர் குழுவ வரைங்க" என்று பயிற்சி நடத்தும் வளவாளர் சொன்னதும், வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றின் அதிபர் இராஜேஸ்வரி பெரிய தாளில் ஒரு வட்டம் போட்டுத் தன் பெயரை எழுதுகிறார். பிறகு பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். வளவாளர் குனிந்து பார்க்கிறார். "மத்த டீச்சர்மார் எங்க, மேடம்?" "மூணு பேரும் மாற்றலாகிப் போயிட்டாங்க, சேர். நான் மட்டுந்தான்." "அப்ப இன்னைக்குப் பிள்ளைகள யாரு பாக்குறாங்க?" இராஜேஸ்வரி பேனா மூடியை அழுத்தி மூடுகிறார். "பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டு வந்திருக்கேன், சேர்." மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. வளவாளர் அடுத்த மேசைக்கு நகர்கிறார். பயிற்சி முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.