இன்னும் மூன்று பக்கம்

உல்லாசக் கப்பலில் ஏறுவதற்கான சுகாதார விதிகள் மணிக்கொரு முறை மாறும் என்பதால், இளம்பரிதி அம்மாவின் படிவத்தையும் தன் படிவத்தையும் காலையிலிருந்து நான்கு முறை சரிபார்த்திருந்தான். அம்மாவுக்குத்தான் சர்க்கரை, மூட்டுவலி, போன வருடத்து இருமல். அவனுக்கு ஒன்றும் கிடையாது; வயது இருபத்தாறு.

தூத்துக்குடித் துறைமுக வாசலில் விரலை வைத்ததும் அம்மாவுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவனுக்குச் சிவப்பு.

"எதையோ தப்பா எழுதிட்டேன் மேடம். எந்தப் பக்கம்னு சொல்லுங்க, திருத்திடுதேன்."

"படிவம் சரியாத்தான் இருக்கு தம்பி." அதிகாரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பத்து மணிக்கு விதி மாறிடுச்சு. கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் உயிரோட இருப்பாங்கன்னு மெஷின் சொல்றவங்கள மட்டுந்தான் ஏத்தணும்."

அவன் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தேடத் தொடங்கினான்.

வாசலுக்கு அப்பால் நின்ற அம்மா கேட்டாள்.

"ஏல, ஒம்போது நாள்ல திரும்பிருவோம்னுதான சொன்ன?"

"ஆமாம்மா. நீ போய் ஏறு, நான் வாரேன்."

அம்மா கையிலிருந்த பயணப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவன் தோளைப் பற்றினாள்.

"வீட்டுக்குப் போவோம், வா."

"கொஞ்சம் பொறும்மா. இன்னும் மூணு பக்கம் இருக்கு. நாந்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."